கொலஸ்ட்ரால் மாத்திரை எடுத்துக்கொண்டே உடற்பயிற்சி: தொடைவலிக்குக் காரணம் மாத்திரையா, பயிற்சியா?

"மாத்திரையைத் தொடங்குங்கள், உடற்பயிற்சியும் செய்யுங்கள்" என்று மருத்துவர் இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லி அனுப்புகிறார். நாமும் இரண்டையும் ஒரே வாரத்தில் தொடங்கிவிடுகிறோம். பத்து நாளில் தொடை கடுக்கிறது. உடனே பழி மாத்திரையின் மேல் விழுந்து மாத்திரை நிற்கிறது, அல்லது பயந்துபோய்ப் பயிற்சி நிற்கிறது. இரண்டுமே நிற்கக் கூடாது. நானும் அட்டோர்வாஸ்டாட்டின் என்ற கொலஸ்ட்ரால் மாத்திரையை எடுத்துக்கொண்டே பயிற்சி செய்கிறவன். எனக்குப் பயன்பட்ட வழியை இங்கே எழுதுகிறேன்.

அது சேர்ந்த ஸ்டாட்டின் வகை கொலஸ்ட்ரால் மாத்திரைகளைப் பற்றித்தான் பேசப்போகிறேன். கெட்ட கொழுப்பு, நல்ல கொழுப்பு விளக்கங்களுக்குள் போகவில்லை. ஏற்கெனவே இதய நோய் உள்ளவர்களும் நடக்கும்போது நெஞ்சு இறுக்கம், மூச்சுத் திணறல் வருகிறவர்களும் முதலில் மருத்துவரிடம் பயிற்சிக்கான அனுமதி பெறுங்கள்.

படி 1: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்

ஸ்டாட்டினால் தசைவலி வருவதாக இருந்தால், பெரும்பாலும் மாத்திரை தொடங்கிய அல்லது அளவைக் கூட்டிய முதல் சில வாரங்களிலோ மாதங்களிலோ வரும். அந்தக் காலத்தில் பயிற்சியில் புதிய முயற்சி எதுவும் வேண்டாம். ஏற்கெனவே ஓடுகிறவர் அதே தூரம் ஓடட்டும். பயிற்சியே இல்லாதவர் நடையோடு நிற்கட்டும். தைராய்டு சுரப்புக் குறைவு, சிறுநீரகக் கோளாறு, வைட்டமின் டி பற்றாக்குறை இருந்தால் தசைத் தொல்லைக்கான வாய்ப்பு கூடும் என்பதால், அவற்றை முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

படி 2: நடையில் தொடங்கி மெதுவாக ஏற்றுங்கள்

பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பும், இரண்டு நாளாவது தசை வலுவூட்டும் பயிற்சியும் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதை முதல் வாரமே எட்ட வேண்டியதில்லை. பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. மிதமான வேகத்துக்கு இந்த அளவுகோல் போதும்.

மாத்திரை சாப்பிடும்போது நடந்தால் தசை கெட்டுவிடுமோ என்று அஞ்சுகிறவர்களுக்கு ஒரு தகவல். நெதர்லாந்தின் நைமேகன் நகரில் நான்கு நாள் தொடர்ந்து நடக்கும் நெடுநடை நிகழ்வு உண்டு. நாளுக்கு 30 முதல் 50 கிலோமீட்டர் வரை நடப்பார்கள். அதில் கலந்துகொண்ட ஸ்டாட்டின் பயனர்களை ஆராய்ந்து 2023இல் முடிவுகளை வெளியிட்டார்கள். மாத்திரை எடுக்காதவர்களைவிட அவர்களின் தசைக்குக் கூடுதல் சேதம் ஏற்படவில்லை.

வலுவூட்டும் பயிற்சிக்கு என் தேர்வு ரப்பர் பட்டைதான். டம்பெல்லில் அடுத்த எடைக்குத் தாவும்போது சுமை சட்டென்று ஏறிவிடும். பட்டையில் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டலாம். சரிவில் இறங்கி ஓடுவது, எடையை மெதுவாகக் கீழே இறக்குவது போன்றவை தசையை நீளவைத்துக்கொண்டே வேலை வாங்குகின்றன. அதிகமாக வலிக்கவைப்பவை அவைதான். முதல் மாதம் அவற்றைத் தள்ளிவையுங்கள்.

படி 3: வலியை எழுதி வையுங்கள்

நான் அதிக நாள் திண்டாடிய இடம் இது. அதனால் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

பயிற்சியால் வரும் வலி அன்றே உச்சத்துக்குப் போகாது. அடுத்த நாள் தலைகாட்டி, ஒன்று முதல் மூன்று நாளில் உச்சம் தொட்டு, பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் அடங்கிவிடும். எந்தத் தசை வேலை செய்ததோ அந்தத் தசையில்தான் இருக்கும். ஸ்டாட்டின் வலி பெரும்பாலும் இரு பக்கமும் ஒன்றுபோல வரும்: தொடை, இடுப்பு, கெண்டைக்கால், தோள். ஓய்வெடுத்த வாரத்திலும் அது விடாது.

படிக்கும்போது தெளிவாகத் தெரியும் இந்த வேறுபாடு, காலில் வலிக்கும்போது குழம்பிவிடும். குறிப்பேட்டில் எழுதினால்தான் பிடிபடும். ஒரு பக்கம் இப்படி இருக்கும்:

செவ்வாய்: ஸ்குவாட் (முழங்காலை மடக்கி உட்கார்ந்து எழுவது) 20. புதன்: முன்தொடை வலி, பத்துக்கு 4. வியாழன்: 6, படி இறங்கக் கஷ்டம். வெள்ளி: 3. சனி: இல்லை.

இது பயிற்சி வலி, கவலை வேண்டாம். இன்னொரு பக்கம் இப்படி இருக்கலாம்:

ஞாயிறு முதல் வியாழன் வரை பயிற்சி இல்லை. தினமும் இரு தொடையும் 4. புதனன்று நாற்காலியிலிருந்து எழக் கையை ஊன்ற வேண்டியிருந்தது.

இந்தப் பக்கத்தை மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும். அந்த நாற்காலி விஷயம் முக்கியம். வாரம் ஒரு முறை, கைகளை மார்பில் குறுக்காகக் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து எழுந்து பாருங்கள். வலித்தாலும் எழ முடிகிறதா, எழவே முடியவில்லையா? வலி ஒன்று, வலுவிழப்பு வேறு.

கைக்கடிகாரச் செயலிகளை நான் இதற்குப் பரிந்துரைக்க மாட்டேன். அவை இதயத் துடிப்பை எண்ணும். வலி எங்கே, எத்தனை நாளாக என்று கேட்காது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பக்க விளைவால் ஸ்டாட்டினைக் கைவிட்ட 60 பேரிடம் நடத்தப்பட்ட சாம்சன் ஆய்வு 2020இல் வெளியானது. சில மாதம் உண்மையான மாத்திரை, சில மாதம் மருந்தில்லாத போலி மாத்திரை, சில மாதம் எதுவுமே இல்லை. ஸ்டாட்டின் மாதங்களில் இருந்த தொல்லையில் 90 சதவீதம் போலி மாத்திரை மாதங்களிலும் இருந்தது. அவர்களுக்கு வலித்தது உண்மைதான். ஆனால் பெரும்பகுதிக்கு மருந்து காரணமாக இல்லை. மாத்திரையை நாமாகவே நிறுத்துவதற்கு முன்பு எழுதிவைத்துப் பார்க்கச் சொல்வது இதனால்தான்.

படி 4: ரத்தப் பரிசோதனைக்கு முன் கடும் பயிற்சி வேண்டாம்

தசைச் சேதத்தை அறிய கிரியேட்டின் கைனேஸ், சுருக்கமாக சி.கே., என்ற பரிசோதனை எழுதித் தருவார்கள். கடும் பயிற்சி செய்தாலே, ஸ்டாட்டின் எடுக்காதவருக்கும், இது பல மடங்கு ஏறிச் சில நாள் இறங்காமல் இருக்கும். ஆகவே பரிசோதனைக்கு முந்தைய சில நாட்கள், முடிந்தால் ஒரு வாரம், கடும் பயிற்சியை விட்டுவிடுங்கள். அவசரப் பரிசோதனையானால் காத்திருக்காமல், எப்போது என்ன பயிற்சி செய்தீர்கள் என்பதைச் சொல்லிவிடுங்கள். தசையில் ஊசி போட்டிருந்தால் அதையும் சொல்லுங்கள், அதுவும் சி.கே. அளவை ஏற்றும்.

வலி மாத்திரையால்தான் என்று தெரிந்தாலும் மருத்துவருக்கு வழிகள் நிறைய உண்டு. அளவைக் குறைக்கலாம், வேறு ஸ்டாட்டினுக்கு மாற்றலாம், எசெட்டிமைப் போன்ற வேறு வகை மருந்தைச் சேர்க்கலாம்.

படி 5: உடனே மருத்துவமனைக்கு

சிறுநீர் கடுந்தேநீர் நிறத்தில் போனால், அதோடு கடும் தசைவலியோ வலுவிழப்போ இருந்தால், அடுத்த நாள் வரை காத்திருக்காதீர்கள். தசை நார்கள் சிதைந்து அவற்றின் புரதம் சிறுநீரகத்தைத் தாக்கும் நிலை அது. மிக அரிது, ஆனால் உயிருக்கே ஆபத்து.

பின்சேர்க்கை

வாசகர்கள் கேட்ட இரண்டு கேள்விகளைச் சேர்க்கிறேன். சளித் தொற்றுக்குக் கிளாரித்ரோமைசின் எடுத்த வாரத்தில் உடம்பெல்லாம் வலித்ததாக ஒருவர் எழுதியிருந்தார். கிளாரித்ரோமைசின் ஓர் ஆன்டிபயாடிக். சிம்வாஸ்டாட்டின், அட்டோர்வாஸ்டாட்டின் ஆகிய ஸ்டாட்டின்களின் அளவை அது ரத்தத்தில் உயர்த்தக்கூடியது. கிரேப்ஃப்ரூட் சாற்றை நிறையக் குடித்தாலும் அப்படியே. புதிதாக எந்த மருந்து எழுதினாலும் ஸ்டாட்டின் எடுப்பதைச் சொல்லுங்கள். காய்ச்சல் நாட்களில் பயிற்சிக்கும் ஓய்வு கொடுங்கள்.

மாத்திரைக்குப் பதில் "இயற்கையான" சிவப்பு ஈஸ்ட் அரிசி மாத்திரைக்கு மாறலாமா என்று மற்றொருவர் கேட்டிருந்தார். அதிலுள்ள மோனகோலின் கே என்ற பொருள் லோவாஸ்டாட்டின் என்ற ஸ்டாட்டினேதான். தசைவலி அதிலும் வரும். எவ்வளவு மருந்து உள்ளே போகிறது என்பதோ டப்பாவுக்கு டப்பா மாறும். ஏற்கெனவே எடுக்கும் ஸ்டாட்டினோடு அதையும் சேர்த்து விழுங்காதீர்கள்.