டெக்சோமாவுக்குத் தூண்டிலோடு கிளம்புமுன்

டாலஸ் பக்கம் குடிவந்து வீடு, கார், பள்ளிக்கூடம் எல்லாம் ஒருவழியாக அமைந்துவிட்டதா? சரி, இனி சனிக்கிழமைக்கு ஒரு வழி பார்ப்போம். 75-ஆம் நெடுஞ்சாலையில் வடக்கே போனால் ஒன்றரை மணி நேரத்துக்குள் டெக்சோமா ஏரி. 1944-இல் முடிந்த டெனிசன் அணையால் உருவானது. கடலிலிருந்து ஆற்றுக்கு ஏறி முட்டையிடும் ஸ்ட்ரைப்பர் மீன், கடலே இல்லாத இந்த ஏரியில் தானாகவே பெருகுகிறது. மற்ற பல ஏரிகளில் குஞ்சு விட்டுக்கொண்டே இருந்தால்தான் உண்டு.

முதலில் லைசென்ஸ். 17 வயதுக்குக் கீழே இருந்தால் டெக்சாஸில் தேவையில்லை. ஏரி டெக்சாஸ், ஓக்லஹோமா என இரண்டு மாநிலங்களில் கிடப்பதால் டெக்சாஸ் லைசென்ஸ் டெக்சாஸ் பக்கத்துக்கு மட்டும்தான். இரு பக்கமும் செல்லும் டெக்சோமா லைசென்ஸ் தனியாகக் கிடைக்கும். படகில் போவதாக இருந்தால் அதையே வாங்குங்கள். ஆளுக்கு எத்தனை மீன் என்ற கணக்கு ஸ்ட்ரைப்பருக்கு வேறு, அதே பாஸ் இனத்தைச் சேர்ந்த வெள்ளை பாஸ் மீனுக்கு வேறு. குட்டி ஸ்ட்ரைப்பரும் வெள்ளை பாஸும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். வாயைத் திறந்து நாக்கின் பின்பக்கம் விரலால் தடவுங்கள். சொரசொரப்பாக ஒரே திட்டு என்றால் வெள்ளை பாஸ், இரண்டு என்றால் ஸ்ட்ரைப்பர்.

முதல் வருடம் நான் கடையில் பளபளத்த பெரிய லூர்களாக (போலி இரைகளாக) பொறுக்கிக்கொண்டு ஜூலை மாதம் காலை பதினொரு மணிக்குப் போய் நின்றேன். வெயில் மட்டும்தான் கிடைத்தது. கோடையில் விடியலுக்கு முன்பே தண்ணீரில் இருக்க வேண்டும். ஷாட் என்ற பொடிமீன் கூட்டத்தைக் கீழிருந்து பாஸ் துரத்தி மேலே தள்ளும்போது, சோற்றுப்பானை கொதிப்பதுபோல ஒரு வட்டம் மட்டும் தளதளக்கும். படகை அதன் நடுவில் விட்டால் காரியம் கெட்டது. தள்ளி நின்று, மிதக்கும் லூரை வட்டத்தின் ஓரத்துக்கு வீசி, வெட்டி வெட்டி இழுங்கள். வெயில் ஏறியதும் கூட்டம் ஆழத்துக்குப் போய்விடும். அப்போது ஸ்லாப் என்ற ஈயத்தகடு: தரை தொடும்வரை விட்டு, ஒரு முழம் தூக்கி, விழவிடுங்கள். பெரும்பாலும் விழும்போதுதான் கடிக்கும்.

குளிர்காலத்தில் தண்ணீரைப் பார்க்காதீர்கள், வானத்தைப் பாருங்கள். கடற்காகங்கள் ஒரே இடத்தில் சுற்றிச் சுற்றிப் பாய்ந்தால் கீழே பாஸ் மேய்கிறது. குளிரில் மீன் மந்தம். ஜிக்கில், அதாவது ஈயத்தலை வைத்த கொக்கியில், மாட்டிய ரப்பர் மீனைச் சோம்பேறித்தனமாக இழுத்தால் போதும்.

படகு இல்லையா? பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை வெள்ளை பாஸ் முட்டையிட ஆற்றில் ஏறும். டெக்சாஸிலேயே இருக்கும் கொலராடோ பெண்ட் மாநிலப் பூங்கா அதற்குப் பேர்போன இடம். தூரம்தான், ஆனால் மாநிலப் பூங்காவில் கரையில் நின்று பிடிக்க லைசென்ஸே வேண்டாம். சின்ன ஜிக்கோ சுழல்தகடோ போதும்.

பிடித்ததை உடனே ஐஸில் போடுங்கள். வீட்டில் நறுக்கும்போது தோலுக்கடியில் ஓடும் சிவப்புச் சதையை வழித்து எறிந்துவிட்டால் பாதி வீச்சம் போய்விடும். எங்கள் வீட்டில் சதை வறுவலுக்கு. குழம்பில் கிடக்கும் தலை யாருக்கு என்பதில்தான் சண்டை.