ஒரே போனில் சொந்தத் தரவும் ஆப் சோதனையும்: புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

ஆப் எழுதக் கற்றுக்கொள்பவர்களுக்கு வரும் முதல் சந்தேகம், சோதிப்பதற்கென்று இன்னொரு போன் வாங்க வேண்டுமா என்பது. வேண்டியதில்லை. தொடர்புகள், படங்கள், நாட்காட்டி எல்லாம் சிங்க் ஆகிக்கொண்டிருக்கும் அதே ஆண்ட்ராய்டு போனிலேயே உங்கள் ஆப்பையும் ஓட்டிப் பார்க்கலாம். சோதனை ஆப் உங்கள் சொந்தத் தரவைத் தொடாதபடி பார்த்துக்கொண்டால் போதும்.

1. முதலில் பேக்கப்

சிங்க் வேறு, பேக்கப் வேறு. போனில் ஒரு தொடர்பை அழித்தால் அந்த அழிப்பும் சிங்க் ஆகி, மற்ற கருவிகளிலிருந்தும் அது போய்விடும். கூகுள் கான்டாக்ட்ஸில் 30 நாள்வரை மீட்க வழி உண்டு. ஆனாலும் அதை நம்பி இறங்காதீர்கள். போனைக் கேபிளால் கணினியோடு இணைத்து, யூஎஸ்பி அறிவிப்பைத் தட்டி 'ஃபைல் டிரான்ஸ்ஃபர்' என்று மாற்றிப் படங்களை நகலெடுங்கள். தொடர்புகளை விசிஎஃப் கோப்பாக எக்ஸ்போர்ட் செய்து அதையும் கணினியில் வையுங்கள்.

2. யூஎஸ்பி டீபக்கிங்

செட்டிங்ஸில் 'அபவுட் போன்' பகுதியில் 'பில்ட் நம்பர்' இருக்கும் (சாம்சங்கில் 'சாஃப்ட்வேர் இன்ஃபர்மேஷன்' உள்ளே). அதை 7 முறை தட்டுங்கள். 'டெவலப்பர் ஆப்ஷன்ஸ்' திறந்துகொள்ளும். அதில், கணினியிலிருந்து ஆப்பைப் போனில் நிறுவிச் சோதிக்க வழிவிடும் 'யூஎஸ்பி டீபக்கிங்'கை மட்டும் ஆன் செய்யுங்கள். மற்றவற்றை இப்போதைக்குத் தொட வேண்டாம். 'டோன்ட் கீப் ஆக்டிவிட்டீஸ்' தவறுதலாக ஆன் ஆகிவிட்டால், தினமும் பயன்படுத்தும் ஆப்களும் திரை மாறிய நொடியில் தடுமாறத் தொடங்கும்.

கேபிளைச் செருகியதும் இந்தக் கணினியை அனுமதிக்கலாமா என்று போன் கேட்கும். சொந்தக் கணினி என்றால் மட்டும் 'எப்போதும் அனுமதி' கொடுங்கள். கணினியிலிருந்து போனோடு பேச உதவும் ஏடிபி கருவியின் 'ஏடிபி டிவைசஸ்' (adb devices) கட்டளையை ஓட்டினால் போன் பட்டியலில் வர வேண்டும். 'அன்ஆதரைஸ்டு' என்று வந்தால், போன் திரையில் அந்தக் கேள்வி இன்னும் காத்திருக்கிறது. எதுவுமே வரவில்லையா? கேபிளை மாற்றிப் பாருங்கள். சார்ஜ் மட்டுமே ஏற்றும் கேபிள்கள் உண்டு. ஆண்ட்ராய்டு 11 முதல் வைஃபை வழியாகவும் இணைக்கலாம்.

3. ஆப்புக்குத் தனி ஐடி

இங்கேதான் நிதானம் வேண்டும். ஓர் ஆப்பை ஆண்ட்ராய்டு அடையாளம் காண்பது பெயரை வைத்தல்ல, ஒவ்வோர் ஆப்புக்கும் குறியீட்டில் கொடுக்கும் தனி அடையாளமான அப்ளிகேஷன் ஐடியை வைத்து. நீங்கள் எழுதிய குறிப்பேடு ஆப்பைப் பிளே ஸ்டோரிலிருந்து இறக்கி தினமும் பயன்படுத்துகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அதே ஐடியோடு சோதனைப் பதிப்பை நிறுவப் போனால், கையொப்பம் (ஆப்பை வெளியிட்டவரைக் காட்டும் டிஜிட்டல் முத்திரை) பொருந்தாததால் போன் மறுத்துவிடும். பழையதை நீக்கிவிடலாமா என்று, ஆப் எழுதும் மென்பொருளான ஆண்ட்ராய்டு ஸ்டூடியோ கேட்கும். அவசரத்தில் சரி என்று தட்டினால், போனில் மட்டுமே இருந்த குறிப்புகளும் ஆப்போடு போய்விடும்.

தீர்வு ஒரே வரிதான். ஆப்பை உருவாக்கும் அமைப்புகள் இருக்கும் கிரேடில் கோப்பில், சோதனைப் பதிப்புக்கான டீபக் பகுதிக்குள் 'அப்ளிகேஷன் ஐடி சஃபிக்ஸ்' (applicationIdSuffix) சேர்த்து, ஐடியின் முடிவில் '.debug' வரும்படி செய்யுங்கள். அதன்பின் இரண்டும் தனித்தனி ஆப்கள், தனித்தனித் தரவு. ஐகானின் நிறத்தையும் மாற்றிவிட்டால் பார்த்ததுமே எது எது என்று தெரியும்.

4. தொடர்புகளைத் தொடும் ஆப் என்றால்

சோதனைக்கு இரண்டாவது கூகுள் கணக்கைச் சேர்த்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். போதாது. தொடர்புகளுக்கான அனுமதியைக் கொடுத்துவிட்டால், போனில் உள்ள எல்லாக் கணக்குகளின் தொடர்புகளும் அந்த ஆப்புக்குத் திறந்துவிடும். தொடர்புகளை எழுதும், அழிக்கும் குறியீட்டை எமுலேட்டரில் (கணினியிலேயே ஓடும் மாதிரிப் போன்) சோதியுங்கள். போனில் 'மல்டிபிள் யூசர்ஸ்' வசதி இருந்தால் தனி யூசர் உருவாக்கி அதிலும் செய்யலாம்.

5. வேலை முடிந்ததும்

டீபக்கிங்கை ஆஃப் செய்யுங்கள். அது ஆனில் இருந்தால் சில வங்கி ஆப்கள் திறக்காது. பிறர் கணினியில் இணைத்திருந்தால், கொடுத்த அனுமதிகளை டெவலப்பர் ஆப்ஷன்ஸிலேயே ரத்து செய்துவிடலாம்.

அப்புறம், பூட்லோடரை (போனைத் தொடங்கிவைக்கும் மென்பொருள்) அன்லாக் செய்யச் சொல்லும் வழிகாட்டிகளைப் பார்த்தால் அப்படியே கடந்துவிடுங்கள். சாதாரண ஆப் எழுத அது தேவையே இல்லை. செய்தால் போனில் உள்ள தரவு முழுவதும் அழிந்துவிடும்.