ஆக்கா ஆக்டர்களின் ஃபியூச்சர்களை இணைக்கும்போது வகை நழுவாமல் காப்பது எப்படி

ஸ்காலா மொழியில், ஆக்கா என்னும் நூலகத்தின் ஆக்டர்களை (செய்திகளைப் பரிமாறிக்கொண்டு தனித்தனியே இயங்கும் நிரல் கூறுகளை) கொண்டு நிரல் எழுதுபவர், கம்பைலர் வாய் திறக்கவில்லை என்பதற்காகத் தம் நிரலில் வகைப் பிழை இல்லை என்று நம்பிவிடக் கூடாது. ஃபியூச்சர்களை, அதாவது பின்னர் வரப்போகும் பதிலுக்கான பொருள்களை, ஒன்றோடொன்று கோக்கும் இடங்களில் வகை சத்தமில்லாமல் நழுவும் வழிகள் சில உள்ளன. ஒரு கிடங்கு மென்பொருளை எடுத்துக்கொள்வோம். ஆர்டர் ஆக்டர் ஒன்று, இருப்பு ஆக்டரிடம் சரக்கின் எண்ணிக்கையையும் விலை ஆக்டரிடம் விலையையும் கேட்டு, இரண்டு பதில்களும் வந்தபின் பில் தயாரிக்கிறது. இவ்வளவு சிறிய வேலையிலேயே நான் சொல்லப்போகும் ஓட்டைகள் அனைத்தும் வந்துவிடுகின்றன.

முதல் ஓட்டை, பழைய பாணி (கிளாசிக்) ஆக்டர்களிடம் பதில் கேட்டுச் செய்தி அனுப்பும் ஆஸ்க் முறையில் இருக்கிறது. ஆக்டர் முகவரிக்குப் பின் கேள்விக்குறி போட்டுச் செய்தியை அனுப்பினால் திரும்பி வருவது, எதுவாகவும் இருக்கக்கூடிய எனி வகையைச் சுமந்த ஃபியூச்சர். பழைய ஆக்டர் முகவரி எந்தச் செய்தியையும் வாங்கிக்கொள்ளும். எந்தச் செய்திக்கு என்ன பதில் வரும் என்பது அதன் வகையில் எங்குமே எழுதப்படவில்லை. ஆகவே கம்பைலரால் அதற்கு மேல் எதுவும் சொல்ல இயலாது. இதைச் சரிசெய்யப் பலரும் ஃபியூச்சரின் மேப்டூ முறையை நாடுகிறார்கள். வந்த பதில் எதிர்பார்த்த கிளாஸைச் சேர்ந்ததுதானா என்று நிரல் ஓடும்போது பார்த்து, இல்லையென்றால் கிளாஸ்காஸ்ட் எக்ஸெப்ஷனோடு ஃபியூச்சரைத் தோல்வியில் முடிப்பதுதான் அதன் வேலை. அதாவது சோதனை நடக்கிறது, ஆனால் நிரல் ஓடும்போதுதான் நடக்கிறது. அதுவும் அரைகுறையாக நடக்கிறது.

அரைகுறை என்று ஏன் சொல்கிறேன் என்றால், ஸ்காலா நிரல் ஓடும் ஜேவிஎம்மில், முழு எண்களின் லிஸ்ட் போன்ற ஜெனரிக் வகைகளின் உள்வகை நிரல் ஓடும்போது இருப்பதில்லை. கம்பைலர் அதை அழித்துவிடுகிறது. இருப்பு ஆக்டர் முழு எண்களின் லிஸ்ட்டை அனுப்பவேண்டிய இடத்தில், யாரோ செய்த திருத்தத்தால் ஸ்ட்ரிங்குகளின் லிஸ்ட்டை அனுப்புகிறது என்று வையுங்கள். கேட்கும் பக்கத்தில் மேப்டூவுக்கு இன்ட் லிஸ்ட் என்று தெளிவாக எழுதியிருந்தாலும், அது பார்ப்பது "இது லிஸ்ட்தானா" என்பதை மட்டுமே. லிஸ்ட்தான், ஆகவே ஃபியூச்சர் வெற்றியோடு முடிகிறது. அதன்பின், வந்த பதிலை மாற்றித்தரும் மேப் முறை இரண்டு மூன்றைத் தாண்டி, யாரோ அந்த லிஸ்ட்டைக் கூட்டிப் பார்க்கும் வரியில், ஸ்ட்ரிங்கை இன்டிஜராக மாற்ற முடியாது என்ற எக்ஸெப்ஷன் வெடிக்கிறது. பிழை வந்த வழியைக் காட்டும் ஸ்டாக் டிரேஸில் இருப்பு ஆக்டரின் பெயரே இருக்காது. ஒரு திட்டத்தில் இதே பிழையைத் தேடி விலைக் கணக்கு நிரலைத் தலைகீழாகப் புரட்டியிருக்கிறேன். குற்றவாளி அங்கே இல்லவே இல்லை.

பழைய ஆக்டர்களை உடனே கைவிட முடியாதவர்கள் செய்யக்கூடியது இது: ஆக்டர்களுக்கிடையே லிஸ்ட், மேப், ஆப்ஷன் போன்ற கொள்கலன் வகைகளை வெறுமனே அனுப்பாமல், ஒவ்வொரு பதிலையும் டைப் அளவுரு இல்லாத தனி கேஸ் கிளாஸில் (தரவைத் தாங்கும் எளிய கிளாஸில்) பொதிந்து அனுப்புங்கள். ஸ்ட்ரிங் லிஸ்ட்டை அந்தக் கிளாஸுக்குள் வைக்க அனுப்புபவர் முயன்றால் அவருடைய நிரலே கம்பைல் ஆகாது; வேறு கிளாஸை அனுப்பினால் மேப்டூ அதே இடத்தில் பிடித்துவிடும்.

முழுத் தீர்வு டைப்டு ஆக்டர்களில் இருக்கிறது. 2019 நவம்பரில் வெளியான ஆக்கா 2.6 முதல் புதிய நிரலுக்கு இவையே பரிந்துரைக்கப்படுகின்றன. 2022இல் ஆக்காவின் உரிமம் மாறியபின் 2.6 வரிசையிலிருந்து பிரிந்த அப்பாச்சி பெக்கோவிலும் இதே முறைகள்தான் உள்ளன. இங்கே ஆக்டர் முகவரி தான் ஏற்கும் செய்தியின் வகையைத் தன்னுடனேயே வைத்திருக்கிறது. கேள்விச் செய்தியின் கேஸ் கிளாஸில் ரிப்ளைடூ என்று ஒரு புலம் வையுங்கள். அதன் வகை, "இருப்புப்பதில் என்னும் செய்தியை ஏற்கும் ஆக்டர் முகவரி" என்றிருக்கட்டும். ஆஸ்க் செய்யும்போது, ரிப்ளைடூவை வாங்கிக் கேள்விச் செய்தியைக் கட்டித்தரும் ஒரு ஃபங்ஷனைத் தருகிறீர்கள். திரும்பி வரும் ஃபியூச்சரின் வகை இருப்புப்பதிலாகவே இருக்கும். பதில் வந்தபின் வகையைச் சோதிப்பதை விட்டு, பதில் வந்து சேரவேண்டிய முகவரியிலேயே வகையை எழுதிவைக்கிறோம். தவறான பதிலை அனுப்ப முயலும் ஆக்டர்தான் கம்பைல் ஆகாமல் நிற்கும். பிழை செய்தவர் மேசையிலேயே பிழை தெரியும்.

ஒரு பொதுப் புரோட்டோகாலில், அதாவது ஆக்டர் ஏற்கும் செய்திகளின் தொகுப்பில், சில செய்திகளை மட்டும் வெளியாட்களுக்குத் திறந்துவிட நாரோ என்ற முறை உண்டு. ஏற்கும் வகையைக் குறுக்குவதால் அது பாதுகாப்பானது. எதிர்த்திசையில் விரிக்கும் அன்சேஃப்அப்காஸ்ட் முறைக்கு அதன் பெயரே எச்சரிக்கை. கம்பைல் ஆகவில்லையே என்ற அவசரத்தில் அதைப் போட்டீர்களானால் எனி காலத்துக்கே திரும்பிப் போகிறீர்கள்.

இனி, வகை தெரிந்த ஃபியூச்சர்களைக் கோக்கும்போது நடப்பவை. இருப்பு ஃபியூச்சரையும் விலை ஃபியூச்சரையும் ஒரே லிஸ்ட்டில் போட்டு, பல ஃபியூச்சர்களை ஒன்றாக்கும் ஃபியூச்சர் சீக்வென்ஸுக்குக் கொடுத்தால், ஸ்காலா 2 இரண்டுக்கும் பொதுவான மேல்வகையைத் தானே தேடி, பிராடக்ட், சீரியலைசபிள் என்ற பயனற்ற வகையைத் தந்துவிடும். பிழை எதுவும் வராது. வெவ்வேறு வகைகளுக்கு, இரண்டை ஜோடியாக்கும் ஜிப்போ படிகளை வரிசையாகக் கோக்கும் ஃபார் கோவையோதான் பொருத்தம். சீக்வென்ஸ் ஒரே வகைப் பதில்கள் பலவற்றுக்கு உரியது. ஃபார் கோவைக்குள் ஆஸ்க்கை எழுதினால் முதல் பதில் வந்தபின்தான் இரண்டாவது கேள்வியே போகும் என்பதால், இரண்டு ஃபியூச்சர்களையும் முன்னரே வேல்களில் (மதிப்புக்கு வைக்கும் மாறாத பெயர்களில்) தொடங்கிவையுங்கள்.

தோல்விக்கு ஈடாக வேறொரு மதிப்பைத் தரும் ரெக்கவர் முறையிலும் இதே விரிவு நடக்கிறது. அது மூல வகையையோ அதன் மேல்வகையையோ திருப்பித்தர அனுமதிக்கும். ஆகவே விலைக்கான ஃபியூச்சரின் ரெக்கவரில் "விலை கிடைக்கவில்லை" என்று ஒரு ஸ்ட்ரிங்கைத் தந்தாலும் கம்பைலர் ஏற்றுக்கொண்டு வகையை விரித்துவிடும். இவற்றுக்கெல்லாம் மருந்து மிக எளியது: ஃபியூச்சரைத் தாங்கும் ஒவ்வொரு வேலுக்கும் டெஃபுக்கும் (முறையின் வரையறைக்கும்) வகையைக் கையால் எழுதுங்கள். கம்பைலரின் ஊகத்தை நான் மற்ற இடங்களில் விரும்பிப் பயன்படுத்துகிறேன். இங்கே மட்டும் இல்லை.

ஆனால் கையால் எழுதியதும் ஓரிடத்தில் காலை வாரும். ஒரு டெஃபின் வகை யூனிட் ஃபியூச்சர் (பயன்படும் மதிப்பு எதுவும் தராத ஃபியூச்சர்) என்று எழுதி, உள்ளே மேப்புக்குள் பதிவேட்டில் எழுதும் முறையை அழைக்கிறீர்கள். அதுவும் யூனிட் ஃபியூச்சர் தருகிறது. உள்ளே வரும் ஃபியூச்சரையும் சேர்த்துக் கோக்கும் ஃபிளாட்மேப் இருக்கவேண்டிய இடம் அது. யூனிட் எதிர்பார்க்கப்படும் இடத்தில் எந்த மதிப்பையும் வீசியெறிய ஸ்காலாவுக்கு அனுமதி உண்டு என்பதால், உள் ஃபியூச்சர் வீசப்படுகிறது. எழுதுவது தோற்றாலும் உங்களுக்கு வருவது வெற்றிதான். வேல்யூ டிஸ்கார்டு எச்சரிக்கையைக் கம்பைலர் அமைப்பில் இயக்கி, எச்சரிக்கைகளைப் பிழைகளாக நடத்தச் செய்யுங்கள்.

கோத்து முடித்த ஃபியூச்சரின் முடிவை ஆக்டருக்குள் கொண்டுவருவது அடுத்த வேலை. ஃபியூச்சர் முடிந்ததும் அழைக்கப்படும் கால்பேக் ஃபங்ஷன் வேறு த்ரெட்டில் ஓடும். அங்கிருந்து ஆக்டரின் நிலையைத் தொடக் கூடாது. பழைய ஆக்டர்களில் கால்பேக்குக்குள், செய்தியை அனுப்பியவரைத் தரும் செண்டர் முறையை அழைத்தால், அதற்குள் ஆக்டர் வேறு செய்திக்குப் போயிருக்கக்கூடும் என்பதால், பில் வேறொருவருக்குப் போய்ச்சேரலாம். செண்டரை முதலில் ஒரு வேலில் பிடித்துவைத்து, ஃபியூச்சரின் முடிவைச் செய்தியாக அனுப்பும் பைப்டூ வழியாக அனுப்புங்கள். டைப்டு ஆக்டரில் செண்டரே கிடையாது. முடிவை ஆக்டர் தனக்கே அனுப்பிக்கொள்ளும் பைப்டூசெல்ஃப் முறைக்குத் தரும் ஃபங்ஷன் வெற்றி, தோல்வி இரண்டையும் உங்கள் புரோட்டோகால் செய்தியாக மாற்றித் தரவேண்டும். இரண்டுக்கும் தனித்தனி கேஸ் கிளாஸ் வைத்து, துணைவகைகள் அனைத்தும் கம்பைலருக்குத் தெரிந்த சீல்டு டிரெய்ட்டின் கீழ் கொண்டுவந்தால், ஒன்றைக் கையாள மறந்தாலும் கம்பைலர் எச்சரிக்கும்.

தோல்விக்கு வகை இல்லை என்பதையும் நினைவில் வைக்கவேண்டும். ஃபியூச்சரின் தோல்வி எப்போதும், எல்லா எக்ஸெப்ஷன்களுக்கும் பொதுவான த்ரோவபிள் மட்டுமே. டைம்அவுட்டும் சரக்குத் தீர்ந்ததும் ஒரே வாசல் வழியாக வந்தால் பிரித்தறிவது கடினம். சரக்குத் தீர்ந்தது, விலை நிர்ணயிக்கப்படவில்லை போன்ற எதிர்பார்க்கக்கூடிய மறுப்புகளைப் பதிலின் சீல்டு டிரெய்ட்டிலேயே தனி கேஸாக எழுதுங்கள். எக்ஸெப்ஷனை டைம்அவுட்டுக்கும் உண்மையான கோளாறுக்கும் விட்டுவிடுங்கள். வெற்றியையோ மறுப்பையோ சுமக்க ஆக்கா தரும் ஸ்டேட்டஸ்ரிப்ளை வசதியானதுதான், ஆனால் மறுப்பை, அதற்கான ஆஸ்க் முறையான ஆஸ்க்வித்ஸ்டேட்டஸ் தோல்வியாக மாற்றிவிடுவதால், மறுப்பின் வகைக்கேற்ப அடுத்த படி மாறும் இடங்களில் நான் அதைத் தவிர்க்கிறேன்.

பழைய ஆக்டர்களும் டைப்டு ஆக்டர்களும் ஒரே சிஸ்டத்தில் சேர்ந்து வாழும் மாறுகாலத்தில், டைப்டு முகவரியிலிருந்து டூகிளாசிக் முறையால் பழைய வகைக்கு மாற்றிய முகவரி மீண்டும் எந்தச் செய்தியையும் ஏற்கும். அந்த மாற்றத்தை ஒரே கோப்பில் அடைத்துவைத்து, மற்ற கோப்புகளில் அந்தச் சொல் தென்பட்டால் கோட் ரிவ்யூவில் காரணம் கேளுங்கள்.