திருகோணமலையில் பொது வளவு அமைக்கும்போது நாம் விடும் பிழைகள்

சனசமூக நிலையத்துக்குப் பின்னால் கிடக்கும் வெறுங்காணி, கோவில் வளவு, சிறுவர் பூங்கா என்று ஓர் இடத்தைத் திருத்த உப்புவெளியிலோ பாலையூற்றிலோ ஊர் கூடினால் முதலில் வரும் யோசனை இன்டர்லொக் கல்லும் புல்தரையும்தான். எங்கேயோ எடுத்த பச்சைப் படத்தைப் பார்த்துத் திட்டம் போடுகிறோம். நமக்குப் பெருமழை ஒக்டோபர் முதல் ஜனவரி வரைதான், அதன் பிறகு நீண்ட வெயில். அந்தக் காய்ந்த மாதங்களை நினைத்து அமைக்காத வளவில் மனிதரும் இருக்க மாட்டார்கள், அணிலும் இருக்காது.

இதில் பெரிய பிழை நடுகிற காலம். ஜூன் 5 சுற்றாடல் தினம் என்று பதாகை கட்டிக் கன்று நடுகிறோம். தென்மேற்குப் பக்கம் அது மழைக்காலம், சரி. இங்கே அப்போது கச்சான் காற்று அடித்து மண்ணை உலர்த்திக்கொண்டிருக்கும், வேர் பிடிக்குமுன் கன்று கருகிவிடும். முதல் மழை மண்ணுக்குள் நன்றாக இறங்கிய பிறகு நடுங்கள். வேம்பு, நாவல், விளா, இலுப்பை, பாலை எல்லாம் இந்த வெயிலைத் தாங்கும் மரங்கள். பாலை மெதுவாகத்தான் வளரும், ஆனாலும் வையுங்கள், அதன் பழத்துக்குப் பறவைகளும் வரும், பிள்ளைகளும் வருவார்கள். சீக்கிரம் நிழல் வேண்டுமென்றால் பூவரசங்கொம்பை ஊன்றினாலே துளிர்த்துவிடும். ஆலையும் அரசையும் மட்டும் மதிலுக்கும் வடிகானுக்கும் தூரத்தில் வையுங்கள்.

அப்புறம் மான். நகரத்துக்குள்ளேயே புள்ளிமான் திரிகிற ஊர் நம்முடையது, பிரெட்ரிக் கோட்டைப் பக்கம் போகிற எவருக்கும் தெரியும். கன்றைத் தின்றுவிடும் என்று பயந்து காணி முழுவதும் முள்ளுக்கம்பி அடிக்கிறார்கள். நாய் துரத்தும்போது மான் அந்தக் கம்பியில்தான் போய்ச் சிக்கிக் கிழிபடும். காணியை விட்டுவிட்டு, கன்றைக் காப்பாற்றுங்கள்: ஒவ்வொன்றையும் சுற்றி ஆளுயரத்தில் பனைமட்டைக் கூடு கட்டலாம். ஆண்மான் கொம்பை உரசிப் பட்டையை உரிக்கும் என்பதால், தண்டு தடிக்கும்வரை கூட்டைக் கழற்ற வேண்டாம். எல்லைக்குக் கிளுவை வேலி போதும், குருவிக்கும் ஒதுங்க இடமாகும்.

மான் வந்தால் பணிஸ் கொடுப்பதும் பிழைதான், தயவுசெய்து நிறுத்துங்கள். மனிதர் கைச்சாப்பாட்டுக்குப் பழகிய மான், சாப்பாட்டு மணம் வீசும் பொலித்தீன் பையையும் சேர்த்து விழுங்கும். அது வயிற்றில் அடைத்துக்கொண்டால் தின்ன முடியாமல் பட்டினியில் சாகும். மானோ நாயோ காகமோ திறக்க முடியாத மூடியுள்ள குப்பைத்தொட்டி இல்லாமல் வாங்கு போடவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

பறவைக்குத் தண்ணீர் வைப்பது நல்லது. ஆனால் 2017இல் கிண்ணியாவை டெங்கு உலுக்கியதை நாம் மறக்க முடியாது. தண்ணீரை மாற்றினால் மட்டும் போதாது, நுளம்பு முட்டை சட்டியின் உட்சுவரில் ஒட்டிக்கொண்டு காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். ஆழமில்லாத மண்சட்டியை இரண்டு மூன்று நாளுக்கொருமுறை தேய்த்துக் கழுவ ஆள் இருந்தால் வையுங்கள், இல்லாவிட்டால் வேண்டாம்.

சருகைக் கூட்டிக் கொளுத்துவதையும் விடுங்கள். புலுனிக் குருவிகள் அந்தச் சருகைக் கிளறித்தான் பூச்சி பிடிக்கின்றன, கன்றின் அடியில் போட்டால் ஈரமும் நிற்கும். பாம்பு வரும் என்ற பயம் நியாயமானதே. அதற்காக எல்லாப் பற்றையையும் வெட்ட வேண்டியதில்லை. நடைபாதையையும் வாங்கைச் சுற்றியும் துப்புரவாக வைத்துக்கொண்டு, பற்றையை எல்லையோரமாக வளரவிடுங்கள்.

வெளிச்சம் பற்றி ஒன்று. கடலோர வளவென்றால் உயரக் கம்பத்தில் வெள்ளை லைட் போடாதீர்கள், நிலாவெளிப் பக்கக் கரைகளில் முட்டையிலிருந்து வரும் ஆமைக்குஞ்சு வெளிச்சத்தைப் பார்த்துக் கடலுக்குப் பதிலாக ரோட்டுப் பக்கம் ஊர்ந்துவிடும். மஞ்சள் நிற லைட்டைத் தாழ்வாக, நிலத்தைப் பார்த்தபடி, கடற்பக்கம் மறைத்துப் பொருத்துங்கள். பெண்கள் பயமில்லாமல் நடக்கப் பாதையில் அந்த வெளிச்சம் போதும், ஆட்கள் போன பிறகு அணைத்துவிடலாம்.