கிரெப் என்ற பெயர் எப்படி வந்தது? ஈடியில் நீங்களே தட்டிப் பாருங்கள்

கோப்பில் ஒரு சொல் உள்ள வரிகளைத் தேடித் தரும் டெர்மினல் கட்டளைதான் கிரெப். அதில் மைனஸ் வி கொடுத்தால் பொருந்தாத வரிகள் வரும். அதற்கு ஏன் வி? பல வருடம் எனக்கு இது பிடிபடவில்லை. போன வாரம் ஈடி என்ற பழைய எடிட்டரைத் திறந்தபோதுதான் புரிந்தது.

டெர்மினலில் ஈடி என்று ஆங்கிலச் சின்ன எழுத்தில் தட்டி என்டர் அழுத்துங்கள். திரையில் ஒன்றும் வராது, அது சரிதான். பெரிய எச் தட்டுங்கள். இல்லாவிட்டால் எந்தத் தவறுக்கும் வெறும் கேள்விக்குறிதான் பதிலாக வரும். அப்புறம் சின்ன ஏ தட்டி, மூன்று வரி எழுதுங்கள்:

மழை வந்தது
வெயில் அடித்தது
மறுபடி மழை

நான் மாட்டிக்கொண்டது இங்கேதான். எழுதி முடித்ததும் தனி வரியில் ஒரே ஒரு புள்ளி வைத்து என்டர் அழுத்த வேண்டும். புள்ளிக்குப் பக்கத்தில் ஓர் இடைவெளி விழுந்தாலும் அதையும் உரையாகவே எடுத்துக்கொள்ளும். அடுத்து நான் தட்டிய கட்டளைகள் எல்லாம் மழைக்குக் கீழே வரிவரியாகச் சேர்ந்துகொண்டே போயின.

இப்போது ஜி, சாய்கோடு, மழை, சாய்கோடு, பி என்று இடைவெளியில்லாமல் தட்டுங்கள். மழை உள்ள இரண்டு வரிகளும் வரும். ஜி என்றால் குளோபல், அதாவது கோப்பு முழுக்க. நடுவில் இருப்பது ரெகுலர் எக்ஸ்பிரஷன், அதாவது தேட வேண்டிய உரையின் வடிவம், சுருக்கமாக ஆர், இ. பி என்றால் பிரிண்ட். நான்கு எழுத்தையும் சேர்த்துப் படித்தால் கிரெப்!

யூனிக்ஸ் இயங்குதளம் பிறந்த பெல் ஆய்வகத்தில் லீ மக்மஹோன், அமெரிக்க அரசியலமைப்பை ஆதரித்து எழுதப்பட்ட 85 ஃபெடரலிஸ்ட் கட்டுரைகளில் எது யார் எழுதியது என்று ஆராய்ந்துகொண்டிருந்தார். அவ்வளவு உரை ஈடிக்குள் அடங்கவில்லை என்கிறார் அங்கே வேலை பார்த்த பிரையன் கெர்னிகன். யூனிக்ஸை உருவாக்கியவர்களில் ஒருவரான கென் தாம்சன் ஈடியின் தேடும் பகுதியை மட்டும் பிரித்துத் தனி நிரலாக்கினார். 1973இல் வந்த யூனிக்ஸ் நான்காம் பதிப்பில் கிரெப் இருந்தது.

ஜி இருந்த இடத்தில் வி போடுங்கள். வெயில் வரி மட்டும் வரும். மைனஸ் வி இங்கிருந்து வந்ததுதான்! பி இருந்த இடத்தில் என் போட்டால் வரி எண்ணும் சேர்ந்து வரும். கிரெப்பின் மைனஸ் என் செய்வதும் அதையேதான். வெளியேறப் பெரிய க்யூ.

அன்றாட வேலைக்கு எனக்கு, கிரெப் போலவே தேடும் புதிய நிரலான ரிப்கிரெப்தான் பிடிக்கும், அவ்வளவு வேகம். ஆனால் கிரெப்பைப் புரிந்துகொள்ள ஈடிதான் நல்ல வழி.

பிற்சேர்க்கை: பேக்ஸ்பேஸ் அழுத்தினால் தமிழ் எழுத்து குழம்புகிறது என்று ஒருவர் கேட்டிருந்தார். 'ழை'யில் ஐகாரக் குறி மட்டும் அழிவதுதான் காரணம். வேறு எடிட்டரில் எழுதிச் சேமித்து, கோப்பின் பெயரோடு ஈடியைத் திறங்கள். முதலில் ஓர் எண் வரும். அது கோப்பின் பைட் அளவு. 'மழை' மட்டும் உள்ள கோப்புக்கு 10: ம, ழ, ஐகாரக் குறி மூன்றுக்கும் மும்மூன்று, வரி முடிவுக்கு ஒன்று.