ஆரி ஒர்க் வீடியோ போட்டுப் பிழைக்க வருகிறவர்கள் செய்யும் தவறுகள்

போன மாதம், என்னிடம் ஆரி (கொக்கி ஊசியால் துணியில் போடும் எம்பிராய்டரி) கற்றுக்கொண்ட மூன்று பெண்கள் சேர்ந்து வந்தார்கள். யூடியூப் சேனல் ஆரம்பிக்கப் போகிறார்களாம். "எந்தக் கேமராக்கா வாங்கலாம்?" என்றுதான் முதல் கேள்வி. சில வருடங்களுக்கு முன்னால் நானும் இதே கேள்வியோடுதான் அலைந்தேன். கேட்க வேண்டிய கேள்வியை அப்போது நானும் கேட்கவில்லை, இப்போது இவர்களும் கேட்கவில்லை.

நான் இருப்பது நகரியில். ஊர் ஆந்திரா, வீட்டுக்குள் தமிழ், கடைவீதியில் தெலுங்கு. ஆர்டர் திருத்தணியிலிருந்தும் வரும், புத்தூரிலிருந்தும் வரும். தினமும் வீடியோ போடு, தலைப்பைக் கவர்ச்சியாக வை என்பதையெல்லாம் எல்லாரும் சொல்கிறார்கள். அதை விட்டுவிடுகிறேன்.

கேமரா

போன் போதும். அந்தக் காசில் இரண்டு லைட் வாங்குங்கள்.

தறிச் சத்தம்

எங்கள் தெருவில் பவர்லூம் ஓடாத வீட்டை விரல் விட்டு எண்ணலாம். அதற்குள்ளேயே வாழ்கிறவர்களுக்கு அந்தச் சத்தம் காதில் விழுவதே இல்லை. ஆனால் மதுரையிலோ சேலத்திலோ ஹெட்போன் மாட்டிக் கேட்கிறவருக்கு நாம் பேசுவது ஒரு வரிகூடப் புரியாது. என் முதல் இருபது வீடியோ அப்படித்தான் வீணானது.

தைப்பதையும் பேசுவதையும் பிரித்துவிடுங்கள். தைப்பதை எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம், குரலைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம். கரண்ட் போனால் தெரு முழுக்க தறி நின்றுவிடும். எனக்கு அதுதான் ஸ்டுடியோ. போனில் சார்ஜ் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

மேல் கையை மட்டும் காட்டுவது

ஃப்ரேமில் இழுத்துக் கட்டிய துணிக்கு மேலே வலது கை ஊசி பிடித்திருக்கும். எல்லாரும் அதைத்தான் படம் எடுக்கிறார்கள். வித்தை இருப்பது அடியில். ஊசி இறங்கியதும் கீழே இருக்கும் இடது கை, நூலைக் கொக்கியில் சுற்றிவிட வேண்டும். ஊசியை லேசாகத் திருப்பி மேலே இழுத்தால்தான் கண்ணி வரும். நூல் நழுவுகிறது, துணி மாட்டுகிறது என்று கமெண்டில் கேட்கிறவர்கள் எல்லாரும் இந்த இடத்தில்தான் தடுமாறுகிறார்கள்.

பாடம் எடுக்கும்போது மட்டும் நெட் துணியைக் கட்டுங்கள். கீழ்க் கை அப்படியே தெரியும். கூடவே ஒரு தடவை போனை ஃப்ரேமுக்கு அடியில் ஸ்டூலில் மல்லாக்க வைத்தும் எடுங்கள். என் வீடியோக்களில் அதிகம் பேர் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தது அப்படி எடுத்த ஒன்றரை நிமிடத்தைத்தான்.

சேனலை இன்னொருவர் மெயிலில் திறப்பது

இதைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகப் பேச வேண்டும். நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது.

என் முதல் சேனலைத் திறந்து கொடுத்தது இரண்டு தெரு தள்ளி இருந்த ஒரு பையன். நல்ல பையன், சின்னதிலிருந்து தெரியும். "அக்கா, என் ஜிமெயில்லயே போட்டுர்றேன், ஈஸியா இருக்கும்" என்றான். சரி என்றேன். எனக்கு அப்போது மெயில் பாஸ்வேர்டு என்றாலே பயம். நான் தைப்பேன், பேசுவேன். எடிட் பண்ணுவதும் ஏற்றுவதும் அவன். சம்பளம் என்று எதுவும் பேசவில்லை. வந்தால் சாப்பாடு போடுவேன், தீபாவளிக்குச் சட்டை எடுத்துக் கொடுத்தேன். நம்ம பையன்தானே என்ற நினைப்பு.

விளம்பர வருமானம் வேண்டுமென்றால் 1,000 சப்ஸ்கிரைபரும், கடைசி 12 மாதத்தில் 4,000 மணி நேரம் பார்த்த கணக்கும் வேண்டும். ஷார்ட்ஸ் மட்டும் போடுகிறவர்களுக்கு 90 நாளில் 1 கோடி பார்வை. அந்தக் கட்டத்தைத் தாண்டிய நாளில் வீட்டில் கேசரி கிண்டினேன். விளம்பரப் பணம் சேர்கிற கூகுளின் ஆட்சென்ஸ் கணக்கில் 10 டாலர் சேர்ந்ததும் முகவரியைச் சரிபார்க்க கூகுள் தபாலில் ஒரு பின் நம்பர் அனுப்பும். மூன்று வாரம் தபால்காரரை வாசலில் நிறுத்திக் கேட்டுக்கொண்டே இருந்தேன். கடிதம் அவன் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்து, அவன் அம்மா அதை அலமாரியில் வைத்திருந்தார். கவரில் அவன் பெயர்.

அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

100 டாலர் சேர்ந்தால்தான் பணம் வரும். அது ஆட்சென்ஸில் யார் பெயர் இருக்கிறதோ அவர் வங்கிக் கணக்குக்குத்தான் போகும். அவன் கணக்குக்கு வந்தது, ஏழெட்டு மாதம் ஒழுங்காக எனக்கு அனுப்பினான். பிறகு ஒரு நாள் பாதி கேட்டான். "தைச்சது நான், பேசினது நான்" என்றேன். "எடிட் பண்ணது யாருக்கா?" என்றான். அன்றைக்குக் கோபத்தில் என்னென்னவோ சொல்லிவிட்டேன். இப்போது யோசித்தால் அவன் கேட்டதில் நியாயம் இருக்கிறது. நூற்றறுபது வீடியோவுக்கு நான் கொடுத்த கூலி சாப்பாடும் ஒரு சட்டையும். அவனுக்கு வேலை செய்த நினைப்பு, எனக்குச் சோறு போட்ட நினைப்பு. இரண்டு பேரும் வாயைத் திறந்து ஒரு கணக்கும் பேசிக்கொள்ளவில்லை.

அவன் பெங்களூருக்கு வேலைக்குப் போய்விட்டான். பழைய சிம்முக்கு ரீசார்ஜ் போடவில்லை, எண் போய்விட்டது. ஒரு வருடம் கழித்துச் சமாதானமாகி இரண்டு பேரும் உட்கார்ந்து உள்ளே போகப் பார்த்தால், அவனுக்கே பாஸ்வேர்டு ஞாபகமில்லை. ஓடிபி அந்தச் செத்த எண்ணுக்குப் போகிறது. ஆறு மாதத்துக்கு மேல் எதுவும் போடாத சேனலுக்கு வருமானத்தை நிறுத்தலாம் என்று யூடியூப் விதியிலேயே இருக்கிறது.

31,000 பேர் சேர்ந்த சேனல் இன்னும் அப்படியே இருக்கிறது. என் கை, என் குரல். கீழே "அக்கா ஏன் வீடியோ போடல, உடம்பு சரியில்லையா?" என்று கேட்டிருக்கிறார்கள். புதுச் சேனலிலிருந்து "நான்தான் அந்த அக்கா" என்று பதில் போட்டேன். "ஒரிஜினல் அக்கா பேர்ல ஏமாத்தாதீங்க" என்று ஒருவர் திட்டிவிட்டுப் போனார்.

ஆகவே, மெயில் உங்கள் பெயரில் இருக்கட்டும். பாஸ்வேர்டு மறந்தால் ஓடிபி வருகிற மீட்பு எண் நீங்கள் தினமும் பேசுகிற சிம்மாக இருக்கட்டும். ஓடிபி வராதபோது உள்ளே போக கூகுள் தருகிற பேக்கப் கோடுகளைத் தாளில் எழுதி ரேஷன் கார்டோடு வையுங்கள். எடிட் பண்ணுகிறவருக்குப் பாஸ்வேர்டு தேவையே இல்லை. யூடியூப் ஸ்டுடியோவில் பெர்மிஷன்ஸ் பகுதியில் அவர் மெயிலை 'எடிட்டர்' என்று சேர்த்தால் வீடியோ ஏற்றலாம், திருத்தலாம். சேனலை அழிக்கவோ உங்களை நீக்கவோ முடியாது. வருமானம் அவர் கண்ணில் படக்கூடாது என்றால் 'எடிட்டர் (லிமிடெட்)' இருக்கிறது. இன்றைக்கு வேறொருவர் மெயிலில் இருக்கிறவர்கள், உறவு நன்றாக இருக்கும்போதே மாற்றிக்கொள்ளுங்கள். சேனல் பிராண்ட் அக்கவுன்டில் (ஒன்றுக்கு மேற்பட்டவர் ஓனராக இருக்கக்கூடிய கணக்கு) இருந்தால் உங்களை ஓனராகச் சேர்த்து ஏழு நாள் கழித்து முதன்மை ஓனராக மாற்றலாம்.

ஆட்சென்ஸ் பெயரும் வங்கிக் கணக்குப் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். நம் ஊர்ப் பிரச்சினை இனிஷியல்: பாஸ்புக்கில் ஒற்றை எழுத்து, பான் கார்டில் அப்பா பெயர் முழுசாக. அதை முதலிலேயே சரிசெய்துவிடுங்கள்.

எடிட்டருக்கு வீடியோவுக்கு இவ்வளவு என்று பேசி நோட்டில் எழுதுங்கள், தம்பியாக இருந்தாலும். இப்போது என்னிடம் எடிட் பண்ணும் பெண்ணுக்கு மாதம் பிறந்ததும் கணக்குப் பார்த்துக் கொடுத்துவிடுகிறேன். சாப்பாடு தனி.

அந்த மூன்று பெண்களில் ஒருத்தி ஏற்கெனவே சேனல் திறந்துவிட்டாளாம். யார் மெயிலில் என்று கேட்டேன். "அண்ணனோட ஃப்ரெண்டுதான்கா ஓப்பன் பண்ணிக் கொடுத்தாரு." அங்கேயே உட்கார வைத்து அவருக்குப் போன் போடச் சொன்னேன்.

இரண்டு மொழியையும் கலப்பது

"இங்க பாருங்க, இக்கட சூடண்டி" என்று ஒரே மூச்சில் பேசுவது நமக்கு இயல்பு. தமிழ் பார்க்கிறவரும் தெலுங்கு பார்க்கிறவரும் பாதியில் ஓடிவிடுவார்கள். ஒரு வீடியோவுக்கு ஒரு மொழி. இன்னொரு மொழிக் குரலைத் தனி ஒலித்தடமாகச் சேர்க்கும் வசதி இருந்தால் பயன்படுத்துங்கள். இல்லையென்றால் அதே காட்சிக்குத் தெலுங்கில் பேசி வேறு சேனலில் போடுங்கள். பொருள்களின் பெயரில் கஷ்டமில்லை. ஜர்தோசி, குந்தன் எல்லாம் இரண்டு பக்கமும் ஒன்றுதான்.

சினிமாப் பாட்டு

வேண்டாம். 30 செகண்டுக்குள் போட்டால் பரவாயில்லை என்பது கட்டுக்கதை. வீடியோ உங்களுடையது, வருமானம் பாட்டுக்காரருக்குப் போகும்.

ஓசி சரக்கு

ஆரிக்கு வேண்டிய மணிகள் விற்கும் பீட்ஸ் கடையிலிருந்து ஒரு பை இலவசமாக வரும். பை பிரிக்கும்போது சந்தோஷமாகத்தான் இருக்கும். 500 ரூபாய்ப் பொருளுக்கு இரண்டு நாள் வேலை பார்த்திருப்பீர்கள். பணம் பேசுங்கள். பணமோ பொருளோ, வாங்கிக்கொண்டு புகழ்ந்தால் அது விளம்பரம் என்று வீடியோவிலேயே சொல்ல வேண்டும். 2023 ஜனவரியில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை இதற்கு வழிகாட்டுதலே வெளியிட்டிருக்கிறது. சாயம் போகிற பீட்ஸை நல்லது என்று ஒரு தடவை சொல்லிவிட்டேன். துவைத்தவர்கள் அனுப்பிய போட்டோக்கள் இன்னும் போனில் இருக்கின்றன.

ஆர்டர் எடுப்பதை நிறுத்துவது

என் வருமானத்தில் விளம்பரக் காசு கால்வாசிகூட இல்லை. மீதி பிளவுஸ் ஆர்டரும் வகுப்பும்தான். வீடியோ பார்த்துத்தான் அந்த ஆர்டர்கள் வருகின்றன, அது வேறு விஷயம். சேனல் பிக்கப் ஆகிறது என்று கையில் இருந்த கல்யாண பிளவுஸ்களைத் திருப்பிக் கொடுத்தவர்களை எனக்குத் தெரியும்.

நேரமில்லை என்றால் ஆடியில் எடுங்கள். தமிழ்ப் பக்கம் முகூர்த்தம் கிடையாது, ஃப்ரேம் காலியாக இருக்கும். ஆவணிக்குத் தேவையான பத்துப் பதினைந்து வீடியோவை அப்போதே எடுத்து வைத்துவிடலாம். ஆனால் பெரும்பாலான வருடங்களில் நமக்கு ஆடி முடிவதற்குள் தெலுங்குக்காரர்களுக்கு ஸ்ராவண மாதம் பிறந்துவிடும். வரலட்சுமி விரதத்துக்கு பிளவுஸ் வேண்டும் என்று புத்தூரிலிருந்து துணியோடு வந்து நிற்பார்கள். ஆடி முதல் வாரத்திலேயே ஆரம்பித்துவிடுங்கள்.