கல்லூரிச் சுவரில் முஷ்டியைத் தேடாதீர்கள்

அமெரிக்கக் கறுப்பினக் கல்லூரிகளின் ஓவியத் தொகுப்புகளைப் பற்றி எழுத வரும் இளைஞர்களின் கட்டுரைகளைச் சில ஆண்டுகளாகத் திருத்திக் கொடுக்கிறேன். நான் இடறிய அதே கல்லில்தான் அவர்களும் இடறுகிறார்கள். பெயர்ப் பிழையும் எழுத்துப் பிழையும் இரண்டாம் வாசிப்பில் சரியாகிவிடும், அவற்றை விடுகிறேன். மற்ற பிழைகளைத்தான் கீழே ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

படத்துக்குள் போராட்டத்தைத் தேடுவது

மிசிசிப்பி மாநிலத்தின் கறுப்பினக் கல்லூரியான டூகலூ 1869-இல் ஒரு பழைய அடிமைப் பண்ணை நிலத்தில் தொடங்கப்பட்டது. 1961 மார்ச் 27 அன்று அதன் மாணவர்கள் ஒன்பது பேர், வெள்ளையருக்கு மட்டும் என்றிருந்த ஜாக்சன் நகர நூலகத்தில் போய் உட்கார்ந்து படித்தார்கள், கைதானார்கள். 1963 மே 28 அன்று அதே நகரின் வுல்வொர்த் கடையில், வெள்ளையருக்கு மட்டுமான சாப்பாட்டு கவுண்டரில் உட்கார்ந்த டூகலூ மாணவர், ஆசிரியர் தலையில் கும்பல் சர்க்கரையையும் கெட்சப்பையும் கொட்டியது. அதே 1963-இல்தான் நியூயார்க்கின் கலைஞர்களும் விமர்சகர்களும் குழு அமைத்து, நவீன ஓவியங்களைத் திரட்டி இந்தக் கல்லூரிக்கு அனுப்பினார்கள்.

இதைப் படித்தவுடன் எனக்குக் கை பரபரத்தது. ஒரு சிறு நூல் எழுதினேன். அந்தத் தொகுப்பிலுள்ள கறுப்பின ஓவியர்கள் ஜேக்கப் லாரன்ஸ், ரொமேர் பியர்டன் ஆகியோரை மட்டும் எடுத்துக்கொண்டேன். வெள்ளையரான நவீன ஓவியர்கள் பிக்காபியாவையும் மதர்வெல்லையும் ஒதுக்கினேன். அவர்களுக்கும் போராட்டத்துக்கும் சம்பந்தமில்லை என்று முடிவு கட்டிவிட்டேன். அச்சாகி வந்த முதல் பிரதியைப் படித்த ஒரு மூத்த ஓவியர் கேட்டார்: "தம்பி, அந்த ஊர்ல ஒரு கறுப்பினப் பையன் மதர்வெல்லைப் பாக்கணும்னா 63-ல எங்கே போவான்?"

என்னிடம் பதில் இல்லை. ஐந்நூறு பிரதிகளையும் கடைக்கு அனுப்பாமல் நிறுத்தினேன். அச்சுக்கூலி என் கைக்காசு.

நூலகத்துக்குப் போன ஒன்பது பேரும் கோரிக்கை அட்டை பிடிக்கவில்லை. கறுப்பினத்தவருக்கான கிளை நூலகத்தில் இல்லாத புத்தகங்களைக் கேட்டார்கள், அவ்வளவுதான். ஜாக்சனில் நூலகமும் பூங்காவும் நிறம் பார்த்த காலம் அது. டூகலூ வளாகத்தில் இரு இனத்தவரும் ஒரே அறையில், ஒரே படத்தின் முன் நிற்கலாம் என்பதுதான் நடந்த காரியம். படத்தில் உயர்த்திய போராட்ட முஷ்டி இருக்க வேண்டியதில்லை.

இப்போதும் வரும் கட்டுரைகளில் 'இந்தக் கறுப்புப் பட்டை ஒடுக்குமுறை, இந்தச் சிவப்பு ரத்தம்' என்று பார்க்கிறேன். எரிச்சலாக இருக்கிறது. மதர்வெல் கறுப்பை நெடுங்காலம் தீட்டியது உள்நாட்டுப் போரில் வீழ்ந்த ஸ்பானியக் குடியரசுக்கான இரங்கல் ஓவிய வரிசையில். அதை மிசிசிப்பிக்கு இழுத்துவருவது அவருக்கும் அநியாயம், அந்த மாணவர்களுக்கும் அநியாயம்.

வள்ளல் கதை

நியூயார்க் கொடுத்தது, டூகலூ வாங்கிக்கொண்டது என்று எழுதாதீர்கள். உயிரைப் பணயம் வைத்தவர்கள் வளாகத்தில் இருந்தார்கள்.

டூகலூவையும் ஃபிஸ்கையும் ஒன்றாக்குவது

டென்னசி மாநில நாஷ்வில்லின் ஃபிஸ்க் என்ற கறுப்பினப் பல்கலைக்கழகத்துக்கு ஓவியர் ஜார்ஜியா ஓ'கீஃப், மறைந்த கணவரான புகைப்படக் கலைஞர் ஸ்டீக்லிட்ஸின் தொகுப்பிலிருந்து படைப்புகளைக் கொடுத்தது 1949-இல். சாப்பாட்டு கவுண்டர்களின் நிறப் பாகுபாட்டை எதிர்த்த நாஷ்வில் உள்ளிருப்புப் போராட்டம் 1960-இல். போராட்டத்துக்கு ஆதரவாகக் கொடுத்தார் என்று எழுதினால் காலமே இடிக்கிறது. அந்தத் தொகுப்பு இன்று ஃபிஸ்குக்கு மட்டும் சொந்தமும் அல்ல. பணநெருக்கடியில் வழக்கு நடந்து, 2012-இல் 3 கோடி டாலருக்கு ஆர்கன்சாவின் கிறிஸ்டல் பிரிட்ஜஸ் அருங்காட்சியகம் பாதிப் பங்கு வாங்கியது.

பழைய இனச்சொல்

'நீக்ரோ' போன்ற பழைய சொற்கள் மேற்கோளுக்குள் மட்டும்.

ஆண்டு

படம் தீட்டிய ஆண்டு வேறு, கல்லூரிக்கு வந்த ஆண்டு வேறு. இரண்டையும் எழுதுங்கள்.